உம்மா வந்தாள்

அந்தப் பையன் எழுத மறுத்தது ஓர் எழுத்தைத்தான். ளகர ஒற்று. எழுதத் தெரியாமல் அல்ல. 'பள்ளி' எழுதுவான், 'வெள்ளம்' எழுதுவான், 'வள்ளம்' என்று எழுதி அதன் கீழே ஒரு வள்ளத்தையும் வரைந்து வைப்பான். 'உம்மா வந்தாள்' என்று எழுதவேண்டிய இடத்தில் மட்டும் 'உம்மா வந்தா' என்று நிறுத்திக்கொண்டான். தவறவிட்டுவிட்டான் என்று நினைத்து, நான் சிவப்புப் பேனையால் ஒரு 'ள்' சேர்த்துவிட்டேன். மறுநாள் கொப்பி வந்தபோது அந்த இடம் அழிறப்பரால் தேய்க்கப்பட்டிருந்தது. பேனை மை அழிறப்பருக்கு அழியாது. தாள்தான் கிழிந்திருந்தது.

இது நடந்தது 2024ஆம் ஆண்டு நோன்பு விடுமுறையில். எமது முஸ்லிம் பாடசாலைகளின் நீண்ட விடுமுறை பிறையோடு நகர்வது. அந்த வருடம் அது மார்ச் நடுப்பகுதியில் வந்தது. தரம் ஐந்தில் வாசிக்கத் தெரியாத பதினான்கு பிள்ளைகளுக்குக் காலையில் இரண்டு மணி நேரம் வகுப்பு எடுக்க அதிபரிடம் அனுமதி கேட்டிருந்தேன். 2020 ஜனவரியில் தரம் ஒன்றுக்கு வந்த பிள்ளைகள் அவர்கள். 'அ', 'ஆ' என்று வளைக்கத் தொடங்கிய கையோடு மார்ச்சில் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. அந்த வருடமும் அடுத்த வருடமும் மூடியும் திறந்தும் கழிந்தன. 2022இல் எரிபொருள் இல்லாமல் மறுபடியும் மூடினார்கள். வீட்டில் நல்ல கைத்தொலைபேசி இருந்த பிள்ளைகள் எப்படியோ கரைசேர்ந்தார்கள். மற்றவர்களை நாங்கள் வருடா வருடம் அடுத்த வகுப்புக்கு ஏற்றிவிட்டோம். ஏறியது வகுப்பு மட்டுந்தான்.

புலமைப் பரிசில் பரீட்சைக்கு நிற்கும் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க ஆட்கள் போட்டி போடுவார்கள். இந்தப் பதினான்கு பேரையும் கேட்பார் இல்லை. ஆகவே எனக்குக் கிடைத்தார்கள்.

சஹர் செய்துவிட்டுத் தூங்காமல் வந்த முகங்கள். சிலர் முழு நோன்பு. சிலர் 'அரை நோன்பு சேர்' என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் பத்தரை மணியாவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாடப் புத்தகத்தை எடுத்தால் பதினான்கு தலைகளும் ஒன்றாகக் கவிழும். அவர்களுக்கு அந்தப் புத்தகம் ஒரு தோல்வியின் பெயர். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் கேள்விப்பட்ட ஒரு பெண்ணின் நினைவு அப்போது வந்தது. நியூசிலாந்தில் மாஓரிச் சிறுவர்களுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர். 1963இல் வெளிவந்த 'ஆசிரியர்' என்னும் நூலில் தம் முறையை அவர் விளக்கியிருக்கிறார். பிள்ளையிடம் உனக்கு என்ன சொல் வேண்டும் என்று கேட்டு, பிள்ளை சொல்லும் சொல்லை ஓர் அட்டையில் எழுதிக் கையில் கொடுத்துவிடுவார். பயமும் பாசமும் ஒட்டிய சொற்களைப் பிள்ளைகள் ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டன என்கிறார்.

நானும் கேட்டேன். 'கஞ்சி' வந்தது, நோன்பு மாதம் வேறு என்ன வரும்? 'பைசிக்கிள்' வந்தது, 'கடல்' வந்தது. மெலிந்த ஒரு பெண்பிள்ளை 'யானை' என்றாள். முதல்நாள் இரவு அவர்களுடைய வயலுக்குள் யானை இறங்கியிருந்தது. ஐகாரத்தை நான்கு வருடமாகப் பிடிக்காத அந்தப் பிள்ளை 'யானை'யை ஒரே நாளில் எழுதிவிட்டாள். அடுத்த நாள் 'பானை', 'பூனை' என்று அவளாகவே போய்விட்டாள். இருபது வருட ஆசிரியத் தொழிலில் எனக்கு இத்தகைய காலைகள் அதிகம் வாய்த்ததில்லை.

நான் சொல்லிக்கொண்டிருக்கும் பையன் கேட்டது 'உம்மா'. அவனுடைய உம்மா குவைத்தில் வீட்டுவேலைக்குப் போய் மூன்றாவது வருடம். பெருநாளைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நோன்பு இருபதைத் தாண்டிய ஒருநாள் வந்துசேர்ந்தார். அன்று பையன் வகுப்புக்கு வரவில்லை. மறுநாள் வந்தபோது, வசனம் எழுதுகிற கட்டத்தில் இருந்தோம். 'நேற்று நடந்தது ஒன்றை எழுதுங்கள்' என்றேன். அவன் எழுதிய முதல் முழு வசனம் அது.

கிழிந்த தாளைக் காட்டி, "ஏன் மகன் அழிச்ச?" என்று கேட்டேன்.

"அது எங்கட உம்மா இல்ல சேர்."

எனக்கு விளங்கவில்லை.

"வந்தாள் எண்டா மரியாத இல்லாமச் செல்லுறதானே சேர்."

"அப்ப வந்தார் எண்டு எழுது. புத்தகத்திலயும் அப்பிடித்தானே இருக்கு."

"வந்தார் எண்டா வாப்பா சேர்."

மற்றப் பிள்ளைகளும் ஆமோதித்தார்கள். வந்தார் என்றால் வாப்பாதான். அரை நோன்புக்காரர்களும் இதில் முழு மனதோடு நின்றார்கள்.

அன்று வீடு போகும் வழியில் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். எங்கள் பேச்சில் வருகிறவர்கள் நான்கு வகை. தம்பி வந்தான். தங்கச்சி வந்தாள். வாப்பா வந்தார். உம்மா வந்தா. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும்கூட இந்த நாலாவது உண்டு. எமக்கு மட்டும் உரியதல்ல. எழுதப் போனால் மூன்றுதான். மரியாதைக்குரிய பெண் எழுத்துக்குள் நுழையும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: மரியாதையை வாசலில் விட்டுவிட்டு 'ஆள்' ஆகலாம், அல்லது பெண் என்பதை வாசலில் விட்டுவிட்டு 'ஆர்' ஆகலாம். பத்து வயதுப் பையன் கண்ட இந்தக் குறையை நாற்பத்தைந்து வயதுவரை நான் கண்டதில்லை. காண்பதற்கு அவசியம் ஏற்படவில்லை என்பதே சரி.

அவனுக்கு அவசியம் இருந்தது. அதைச் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டுக்கு உழைக்கப் போகும் பெண்ணைப் பற்றி எங்கள் ஊர்த் தெருக்கள் எந்தத் திணை, எந்தப் பாலில் பேசும் என்பது இதை வாசிப்பவர்களுக்குத் தெரியாததல்ல. போகும்வரை 'இன்னாருடைய பெண்சாதி'. போன மறுநாளிலிருந்து 'அவள்'. அவள் போய்ட்டாள், அவள் காசனுப்பினாளாம், அவள் வந்திட்டாளாம். கடைக்குப் போகும் பையனின் காதில் இது விழும். ஆசிரியர் அறையிலும் விழுந்திருக்கிறது. அந்தப் பையனைப் பற்றிய பேச்சு வந்தபோது, "உம்மாக்காரி பெடியன விட்டுட்டுப் போய்ட்டாள், இவன் எப்பிடி வாசிப்பான்?" என்று சொன்னது வேறு யாருமல்ல, நான்தான். கவலையோடுதான் சொன்னேன். கவலையோடு சொன்னாலும் அது 'போய்ட்டாள்'தான்.

ஆக, தெரு முழுக்கச் சொல்கிற ஒரு சொல்லைத் தன் கையாலும் எழுதமாட்டேன் என்று ஒரு பிள்ளை நிற்கிறான். அதற்குப் பக்கத்தில் நான் 'பிழை' என்று எழுதுகிறேன். எமது மொழியில் 'பிழை' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. கணக்குப் பிழைத்தாலும் பிழை. ஒருவருக்குத் தீங்கு செய்தாலும் பிழை. பெரியவர்களுக்கு இரண்டும் வேறு வேறு என்று தெரியும். பிள்ளைக்கு அப்படித் தெரியுமா? சிவப்பு மையில் அந்தச் சொல்லைக் காண்கிற பிள்ளை, தான் ஏதோ தகாததைச் செய்துவிட்டதாகவே தலைகுனிகிறது. இங்கேயோ, தகாததைச் செய்யமாட்டேன் என்றதற்காக அது எழுதப்பட்டிருந்தது.

இப்போது கேள்வி எனக்கு வந்துவிட்டது. சரியாக எழுதக் கற்பிப்பது என் தொழில். ஒரு பிள்ளை தன் தாய்க்கு அநீதி என்று மனதார நம்புவதை, சரி என்ற பெயரில் எழுதவைக்கும் அதிகாரம் எனக்கு எங்கிருந்து கிடைத்தது?

கல்வி பற்றி எம்மவர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் முதல் வஹியின் முதற்சொல்லில் தொடங்கும். அதை எல்லோரும் அறிவர். நான் பத்ருக்குப் போக விரும்புகிறேன். பத்ரில் பிடிபட்ட மக்கத்துக் கைதிகளில் மீட்புப் பணம் கொடுக்க வசதியில்லாத, எழுதத் தெரிந்தவர்கள், அன்சாரிகளின் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தால் விடுதலை என்று நபியவர்கள் தீர்ப்பளித்தார்கள். ஆளுக்குப் பத்துப் பிள்ளைகள் என்ற கணக்கு இப்னு சஅதில் வருகிறது. மேடைகளில் இந்தச் சம்பவம் இவ்வளவோடு நின்றுவிடும். இமாம் அஹ்மதின் முஸ்னதில் இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக வரும் அறிவிப்பில் இன்னும் ஒரு துண்டு உண்டு. ஒருநாள் ஒரு சிறுவன் அழுதுகொண்டு தந்தையிடம் வருகிறான். ஏன் என்று கேட்க, ஆசிரியர் அடித்துவிட்டார் என்கிறான். அந்த ஆள் பத்ரின் பழியைப் பிள்ளையின் மேல் தீர்க்கிறான், இனிமேல் அவனிடம் போகவே வேண்டாம் என்று தந்தை ஆணையிட்டுச் சொல்லிவிடுகிறார்.

ஓர் உயிரின் விடுதலைக்கு ஈடாக வைக்கப்பட்ட கல்வி அது. மதீனாவில் எழுதத் தெரிந்தவர்கள் மிகச் சொற்பமாக இருந்த காலம். அப்படியிருந்தும், எழுத்துக்காக எதையும் பொறுத்துக்கொள் என்று அந்தத் தந்தை சொல்லவில்லை. அவருக்கு ஓர் எல்லை தெரிந்திருந்தது. அந்த ஆசிரியர் உண்மையிலேயே பழி தீர்த்தாரா, அல்லது எங்களைப்போல வெறும் பழக்கதோஷத்தில் அடித்தாரா என்பது எமக்குத் தெரியாது. அடிபட்ட பிள்ளைக்கு அந்த வித்தியாசம் இல்லை.

நானும் அடித்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், 2005 அளவில், இதே 'வந்தா'வுக்காக ஒரு மாணவனின் விரல் மொளியில் அடிமட்டத்தால் தட்டினேன். அவன் பிடிவாதம் ஒன்றும் செய்யவில்லை, வெறுமனே மறந்துவிட்டான். தரம் எட்டோடு படிப்பை விட்டவன் இப்போது அரிசி ஆலையில் வேலை. என்னைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நடப்பான். இரண்டு முறை படிவங்களைக் கொண்டுவந்து நிரப்பித் தரச் சொன்னான். அவனுக்கு வாசிக்கத் தெரியும், ஓரளவு எழுதவும் தெரியும். "பிழையா எழுதிப்போடுவன் சேர், நீங்களே எழுதுங்க" என்கிறான். அதற்கு என் அடிமட்டந்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஒருவன் பள்ளியை விட்டுப் போவதற்கு ஒரு வீட்டில் ஆயிரம் காரணங்கள் இருக்கும். ஆனால் அந்தப் படிவத்தை நிரப்பிக்கொடுக்கும்போது என் கை இலேசாக இருப்பதில்லை.

இதையெல்லாம் நோன்பு திறந்தபின் என் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். முப்பது வருடம் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவர். முழுதும் கேட்டுவிட்டு, "உமக்கு இரக்கம் வந்தால் பிள்ளைக்குக் காசு கொடும், இலக்கணத்தைக் கொடுக்காமல் விடாதேயும்" என்றார். அவருடைய வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிட முடியாது. பொதுத்தமிழ் யாருடைய வீட்டுத் தமிழும் அல்ல. அதனால்தான் எல்லோருக்கும் பொது. சித்திலெவ்வை 1882இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கியபோது அதைக் கண்டிப் பேச்சில் எழுதினாரா? பொதுத்தமிழில் எழுதினார், ஆகவே இன்று நாமும் வாசிக்கிறோம். இந்தப் பையன் 'வந்தா' என்று எழுதினால் உமக்கு இனிக்கும். விடைத்தாள் திருத்துகிற, அவனைத் தெரியாத ஒருவர் புள்ளியை வெட்டிவிட்டுப் போவார். நாளைக்கு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அவனுடைய தமிழைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஏழைப் பிள்ளைக்கு மட்டும் இலக்கணத்தில் சலுகை கொடுப்பதும் ஒருவகை இளக்காரந்தான். உம்முடைய சொந்த மகனுக்கு இப்படி விடுவீரா?

கடைசிக் கேள்வி என்னைத் தைத்தது. விடமாட்டேன் என்பதுதான் உண்மை.

ஆனாலும் பொதுத்தமிழ் யாருடையதும் அல்ல என்பதை நான் முழுக்க ஏற்கவில்லை. 'வந்தார்' எங்கிருந்து வந்தது? ஒருவரைப் பலர்போலச் சொல்வது வழக்கில் உண்டான உயர்சொல் என்றும், இலக்கண நெறிப்படி அது சொல்லும் முறை அன்று என்றும் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் குறித்துவைக்கிறார். இன்றைக்குப் பாடப் புத்தகத்தில் சரி என்று வீற்றிருக்கும் 'வந்தார்' ஒருகாலத்தில் பேச்சின் வாசல் வழியாக உள்ளே வந்ததுதான். மரியாதைதான் அதை உள்ளே அழைத்துவந்தது. இலக்கணம் பின்னால் வந்து இடம்கொடுத்தது. எம்.ஏ. நுஃமானின் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' போன்ற நூல்கள் இன்று எழுதப்படும் தமிழிலிருந்தே விதியை எடுத்துக் காட்டுகின்றன. அப்படியானால், இன்று எழுதப்படாததை நாளை எழுதத் தொடங்குபவர் யார்? எங்காவது ஒரு கை முதலில் எழுத வேண்டாமா?

எழுதத்தானே செய்தோம் என்று இந்தச் சஞ்சிகையின் வாசகர்கள் சொல்லக்கூடும். 1960களின் தொடக்கத்தில் இந்நாட்டில் மரபுப் போராட்டம் நடந்தது. கதைகளில் பேச்சு வழக்கு வந்தபோது அதை இழிசனர் வழக்கு என்றார்கள். முற்போக்கு எழுத்தாளர்கள் எதிர்நின்று வாதாடினார்கள், கதை வென்றது. அந்த வெற்றியின் நிழலில்தான் நாமெல்லாம் எழுதுகிறோம். நானே கதைகள் எழுதியிருக்கிறேன். என் கதையில் ஒரு கிழவி "உம்மா வந்தா" என்று பேசியதை மண்வாசனை என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை வாங்கிய கையாலேயே மறுநாள் கொப்பி திருத்தினேன். அதுகூடப் பரவாயில்லை. கதையை எடுத்து மறுபடி வாசித்துப் பார்த்தேன்: உரையாடலில் 'வந்தா'. மேற்கோள் குறி முடிந்ததும், கதை சொல்கிற நான், அதே கிழவியை 'எழுந்தாள்', 'நடந்தாள்', 'இருமினாள்' என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பையன் என் கதையைத் திருத்தியிருந்தால் எத்தனை இடத்தில் தாள் கிழிந்திருக்கும்?

பெருநாளுக்கு மறுநாள் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். பையனை வளர்ப்பது உம்மாவின் உம்மா. எழுபதைத் தாண்டியவர். தொதலும் பிளேன்டீயும் வந்தன. பையனின் வாசிப்பைப் பற்றிச் சொன்னேன். "நானும் சின்ன வயசில எழுதின ஆள்தான் தம்பி" என்று சிரித்துவிட்டு, உள்ளே போய்ப் பழைய கணக்குக் கொப்பி ஒன்றை எடுத்துவந்தார். எல்லாம் அரபுத் தமிழ். ட, ப, ள, ழ என்று அரபியில் இல்லாத ஒலிகளுக்கு அரபெழுத்துக்களுக்குப் புள்ளியும் குறியும் போட்டு நம் முன்னோர் ஆக்கிக்கொண்ட எழுத்து. தம் தாயிடம் கற்றாராம். பிறப்பு, இறப்பு, கொடுத்த கடன், வாங்கிய கடன், வெள்ளம் வந்த வருடம் எல்லாம் அதில் இருந்தன.

எனக்கு அரபுத் தமிழ் சரளமாக வராது. அவர் விரல் வைத்துக் காட்ட, நான் என் பதினான்கு பிள்ளைகளைப் போல எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஓர் இடத்தில் பிறையும் நாளும் போட்டு, "உம்மா மௌத்தாகினா" என்றிருந்தது. கடைசியில் ஓர் அலிஃப். அதற்குப்பின் ஒன்றுமில்லை. எழுத்தில் இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்த அந்த நாலாவது வடிவம் எத்தனையோ வருடமாக அந்தக் கொப்பியில் இருந்திருக்கிறது.

"பிரதேச செயலகத்தில என்ன மாமி ஒப்பமிடுவீங்க?" என்று கேட்டேன்.

"கைநாட்டுத்தான். இதெல்லாம் அங்க எழுத்தில்லயே."

உள்ளறைத் திரைக்கு அப்பாலிருந்து பையனின் உம்மா பேசினார். அவன் எழுதிய பக்கத்தை, கிழிந்த தாளும் சிவப்பு மையுமாக, போனில் படம்பிடித்து வைத்திருப்பதாகச் சொன்னார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா சேர், சோதனைக்கு என்ன எழுதணுமோ அதையே படிச்சுக் குடுங்க. என்ன எப்பிடி எழுதினாலும் எனக்கு நோகாது. கேட்டுப் பழகிட்டுது" என்றார்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. தாயின் பக்கம் நின்று மகனுக்காக வாதாட வந்தவன் நான். அந்தத் தாயோ, எனக்குரிய மரியாதையை எடுத்துக்கொண்டு மகனுக்குப் புள்ளியைக் கொடு என்கிறார். குவைத்தில் மூன்று வருடமாக அவர் செய்துகொண்டிருப்பதும் அதைத்தானே. ஒருவர் தம் மானத்தைத் தாமாகவே விட்டுக்கொடுக்கும்போது அதை வாங்கிக்கொள்வது சரியாகிவிடுமா? விட்டுக்கொடுக்கும் நிலையில் அவரை வைத்தது யார் என்று கேட்காமல் வாங்கிக்கொள்ளலாமா? மறுபக்கத்தில், அவர் கேட்டதைச் செய்யாமல் என்னுடைய நியாயத்துக்காக அவருடைய மகனின் புள்ளியைச் செலவழிக்க நான் யார்? தேநீர் ஆறும்வரை எனக்குப் பதில் வரவில்லை. இன்னும் வந்துவிட்டதாகச் சொல்லமாட்டேன்.

நான் செய்தது சிறிய காரியம். பாடசாலை திறந்ததும் 'பிழை' என்று எழுதுவதை நிறுத்தினேன். கரும்பலகையில் நான்கு வடிவத்தையும் எழுதினேன். இந்த நான்கும் எங்களுடையவை, இவற்றில் மூன்றைத்தான் பரீட்சைக்காரர் அறிவார், நாலாவதை அவருக்கு இன்னும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்றேன். பிள்ளைகளுக்கு அது பிடித்துக்கொண்டது. பரீட்சைக்காரர் என்பவர் ஏதோ ஒரு வாசிக்கத் தெரியாத மனிதர்போல அவர்களுக்குள் ஒரு பகிடி உருவாகிவிட்டது. நண்பர் கேள்விப்பட்டு, "இரண்டு தோணியில் கால் வைக்கப் பழக்குகிறீர்" என்றார். இருக்கலாம். கரையோரத்துப் பிள்ளைகள், விழுந்தாலும் நீந்துவார்கள் என்று அவருக்குச் சொன்னேன்; சொல்லிவிட்டு, அது பதிலா வெறும் வாய்ப்பேச்சா என்று எனக்கே சந்தேகம்.

ஜூன் மாதமளவில் அவனுடைய உம்மா திரும்பிப் போனார். இப்போதெல்லாம் கடிதம் இல்லை, குரல் பதிவுதான். இரவில் அனுப்புவார், காலையில் பையன் கேட்பான். எழுத்தின் தேவை அந்த வீட்டில் அவ்வளவாக இல்லை. ஆனாலும் வாசிப்பு நன்றாக வந்துவிட்டது. கடைப் பெயர்ப்பலகை, பள்ளிவாசல் அறிவித்தல், பஸ்ஸின் முகப்பு என்று எதையும் விடுவதில்லை.

பரீட்சைக்கு முந்திய வாரத்தில் 'என் தாய்' என்று ஒரு தலைப்புக் கொடுத்தேன். வேண்டுமென்று கொடுக்கவில்லை, வினாத்தாளில் வழமையாக வருவது. அவனுடைய கொப்பியை எடுத்தபோது பேனையைத் திறக்காமல் முதலில் வாசித்தேன். பத்து வசனம் எழுதியிருந்தான். 'நான் உம்மாவை விமான நிலையத்தில் கண்டேன். உம்மாவின் கையைப் பிடித்தேன். உம்மாவுக்கு என்னைப் பிடிக்கும். எனக்கு உம்மாவைப் பிடிக்கும். உம்மாவின் குரல் இனிமை.' இப்படியே போகிறது. பத்து வசனத்திலும் ஓர் இலக்கணப் பிழை இல்லை. பத்து வசனத்திலும் உம்மா எழுவாயாக வரவுமில்லை. வந்திருந்தால் 'ஆள்' வேண்டும், அல்லது 'ஆர்' வேண்டும். எல்லா வசனத்திலும் உம்மாவை வேற்றுமை உருபுக்குள் பத்திரமாக வைத்துவிட்டு, பயனிலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறான்.

யாரும் அவனுக்கு இதைக் கற்பிக்கவில்லை. எழுவாய், பயனிலை என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

பத்துக்குப் பத்துப் போட்டேன். மேசையடியில் நின்றுகொண்டிருந்தான். கொப்பியை வாங்கிப் புள்ளியைப் பார்த்துவிட்டு, போகாமல் நின்றான்.

"என்ன மகன்?"

"சேர், அந்த நாலாவத எப்ப எழுதலாம்?"

எட்டாம் வகுப்பில் என்றேனா, பெரியவனானதும் என்றேனா, சரியாக நினைவில்லை. அவன் தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தான்.